ஜன்னலோரத்துக் கை

உப்போடைப்பட்டித் தொடக்கப்பள்ளியில் கைகள் வந்து நின்ற வருடம் எது என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். அது கனகமணி டீச்சரின் கடைசி வருடம், ஐப்பசியில் மழை பொய்த்து மார்கழி வரைக்கும் உப்பு விளைந்த வருடம் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் எங்களுக்கு உப்பு விளைந்ததும் விளையாததும்தான் காலண்டர், மற்றதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வருவது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் சத்துணவு சமைக்கிற ஆவுடையம்மாள்தான் முதலில் பார்த்தாள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக உட்காருகிற அந்தப் பெரிய அறையைப் பெருக்குவதற்காகத் திறந்தவள், பெஞ்சுகளுக்கு மேலே கைகள் தூக்கியிருப்பதைப் பார்த்து, பிள்ளைகள் அதற்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, மணி எட்டுகூட ஆகவில்லை அதற்குள் என்ன சந்தேகம் உங்களுக்கு என்று ஏசிக்கொண்டே பாதி அறையைப் பெருக்கிவிட்டாள். பூட்டிக் கிடந்த அறைக்குள் பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பது அதன் பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் கைகள் இருந்தன, கைகளுக்குக் கீழே பிள்ளைகள் இல்லை. மீதிப் பாதியையும் பெருக்கி முடித்து, அடுப்பைப் பற்றவைத்து, அரிசியைக் களைந்து போட்டுவிட்டுத்தான் தலைமையாசிரியர் தர்மக்கண் சாரிடம் போய்ச் சொன்னாள்.

மொத்தம் முப்பத்தேழு கைகள். முழங்கையிலிருந்து மேலே, உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை எந்த உயரத்துக்குத் தூக்குமோ அந்த உயரத்தில், சுட்டுவிரலை மட்டும் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றன. எல்லாம் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கைகள். சிலவற்றில் மைக்கறை இருந்தது, சிலவற்றில் கறுப்புக் கயிறு, சிலவற்றில் உப்பளத்துத் தண்ணீரில் விளையாடி வெடித்த தோல். தொட்டால் சூடாக இருந்தன. தொட்ட விரலை மெல்லப் பிடித்துக்கொள்ளவும் செய்தன, அதுதான் பலருக்குத் தாங்க முடியவில்லை.

அவை யாருடைய கைகள் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. கனகமணி டீச்சர் முப்பத்திரண்டு வருடமாக அந்த அறையில் பாடம் நடத்துகிறவர். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்தான், நான் உட்பட. அவர் யாரையும் அடித்தது கிடையாது. மழை வந்தாலும் புயல் வந்தாலும் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார். தை பிறக்கும் முன்னே பாடத்தை முடித்து மூன்று முறை திருப்புதல் வைப்பார். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்து மேய்க்கிற மனுஷிக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது, அதை அவர் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில்கூட எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்: பாடம் ஓடுகிற பஸ், ஒரு பிள்ளைக்காக நடுவழியில் நிறுத்தினால் நாற்பது பிள்ளைகளுக்குத் தாமதம், ஆகவே சந்தேகம் நாளைக்கு. நாங்கள் கையைத் தூக்கினால் சிரித்துக்கொண்டே, நாளைக்குச் சொல்லுதேன், கையைக் கீழ போடு என்பார். நாளைக்கு வேறு பாடம் வந்துவிடும். யாராவது கைகாட்டினால் நிறுத்துவதற்குத்தான் பஸ் ஓடுகிறது என்பது வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிற எனக்குப் பிற்பாடு தெரிந்தது, ஆனால் அதை டீச்சரிடம் யார் போய்ச் சொல்வது.

நாங்கள் கையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். தூக்கினது மட்டும் அங்கேயே நின்றிருக்கிறது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். முதல் வாரம் கூட்டம் வந்தது. இரண்டாவது வாரம் பிள்ளைகள் கைகளில் தண்ணீர் பாட்டிலையும் பையையும் மாட்ட ஆரம்பித்தார்கள், டீச்சர் அதட்டி நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் தாய்மார்கள் வந்து தங்கள் தங்கள் பிள்ளையின் கையைக் கண்டுபிடித்து, ஈரத்துணியால் துடைத்து, திருஷ்டி படாமல் உள்ளங்கையில் மை வைத்துவிட்டுப் போனார்கள்; பிள்ளை என்றால் மீசை நரைக்கத் தொடங்கிய பிள்ளை, வீட்டில் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காத தாயும் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தர்மக்கண் சாருக்கு இருந்த கவலையெல்லாம் கைகளை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதுதான். மாணவர் என்றால் மதிய உணவு கொடுக்க வேண்டும், தளவாடம் என்றால் எண் போட வேண்டும். கடைசியில் உலக உருண்டைக்குக் கீழே, இதரப் பொருட்கள் என்ற தலைப்பில், கைகள் முப்பத்தேழு என்று எழுதினார். ஆய்வுக்கு வந்த அதிகாரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவை சாப்பிடுமா என்று கேட்டார், சாப்பிடாது என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மாரிதங்கம் வந்த அன்றுதான் எங்களுக்குக் கொஞ்சம் நடுக்கம் வந்தது. ஐஸ் கம்பெனியில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன் அவன். நாலாவது பெஞ்சில் ஐந்து விரலோடு நின்ற தன் கையைப் பார்த்தவன், மூன்று விரல் இருந்த கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை.

கைகள் இறங்குவதற்கு வழி உண்டு என்பது என்னால்தான் தெரிந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன். என் கை இரண்டாவது பெஞ்சில் இருந்தது, மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு. ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு அந்தப் பெஞ்சில் போய் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தேன். டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பினார், என்னைப் பார்த்தார், என் தலைக்குப் பக்கத்தில் நின்ற சின்னக் கையையும் பார்த்தார், பார்த்துவிட்டு, முப்பது வருடத்தில் நாங்கள் யாரும் அவர் வாயால் கேட்டிராத வார்த்தையைச் சொன்னார்.

"சொல்லு, வைகுண்டம்."

கேள்வி மறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது, ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வகுத்தல் கணக்கில் மீதி வருகிறதே, அந்த மீதியை யாருக்குக் கொடுப்பார்கள் டீச்சர் என்று கேட்டேன். முன்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். எனக்கும் தெரியவில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை என்றார். அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கி என் மடியில் ஒரு நொடி கிடந்தது, பிறகு இல்லை.

அதற்கப்புறம் ஊரே வரிசையில் வந்தது. அளத்துக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து உப்புப் படிந்த வெள்ளைக்காலோடு வந்தார்கள், லாரிக்காரர்கள் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார்கள். துபாயில் இருந்தவர்களுக்குப் போன் போட்டு, போனைப் பெஞ்சில் வைத்தார்கள். செத்துப்போனவர்கள் இரண்டு பேர், அவர்களுக்காகத் தாய்மார்கள் உட்கார்ந்து, இவன் இதைத்தான் வீட்டில் வந்து கேட்டுக்கொண்டே இருப்பான் என்று தேம்பிக்கொண்டே கேட்டார்கள். மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று ஒன்று. வரைபடத்தில் நம் ஊரை ஏன் போடவில்லை என்று ஒன்று. எங்கள் அப்பா எழுதத் தெரியாதவர், அவர் முட்டாளா டீச்சர் என்று ஒன்று, அதைக் கேட்டவன் இன்று வட்டச் செயலாளர். எல்லாவற்றுக்கும் டீச்சரிடம் பதில் இருந்ததா என்றால் இல்லை, பாதிக்கு மேல் தெரியாது என்றுதான் சொன்னார், ஆனால் கைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. மாரிதங்கம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்து தன் கேள்வியைக் கேட்டான், என்ன கேட்டான் என்று நான் எழுதப்போவதில்லை, வெளியே வந்து என் கார்மேல் சாய்ந்துகொண்டு அழுதான்.

மார்கழி முடியும்போது ஒரே ஒரு கை மிச்சம் இருந்தது.

மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரமாக நின்ற கை அது. பச்சைக் கண்ணாடி வளையல் ஆறு. ஐந்து விரல் நுனியிலும் உள்ளங்கையின் நடுவிலும் மருதாணி, நேற்று வைத்து இன்று கழுவியது போன்ற சிவப்பு. மற்றக் கைகள் எல்லாம் அசையாமல் நின்றபோது இது மட்டும் சாயங்காலமானால் இலேசாக நடுங்கும், ரொம்ப நேரம் தூக்கி வைத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கை நடுங்குமே, அதுமாதிரி. ஊரில் எல்லாப் பெண்களும் வந்து பார்த்தார்கள், யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. டீச்சருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரலில் அவருடைய கடைசி வேலைநாள் வருகிறது, அதற்குள் அந்தக் கை இறங்க வேண்டும், இறங்காமல் வீட்டுக்குப் போனால் தனக்குச் சோறு இறங்காது என்று தைப்பொங்கல் கழித்து என்னிடம் வந்து சொன்னார். அந்தப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடு வைகுண்டம் என்றார்.

பெயர் சந்தனக்கனி. தாய் தகப்பன் இல்லை, அத்தை வீட்டில் வளர்ந்தவள். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார் டீச்சர். ஒரு தேதி வரைக்கும் எல்லா நாளும் வந்திருக்கிறாள், அதற்கப்புறம் ஒரு நாளும் இல்லை. மாதக் கடைசியில் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் டீச்சரின் முத்து முத்தான எழுத்தில், நீண்ட நாள் வராமை, நீக்கம். கடைசியாக வந்த அன்று முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை அந்தப் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாளாம். மருதாணி வைத்துக்கொண்டு வருகிற பெண்பிள்ளைகள் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் கையைத் தூக்குவார்கள், சிவந்த கையை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று; எந்த டீச்சருக்கும் அது தெரியும், கனகமணி டீச்சருக்கும் தெரியும். அழகா இருக்குட்டி, நாளைக்குப் பாக்குதேன், கையைக் கீழ போடு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

உப்பு லாரி ஓட்டுகிறவர்களிடம் சொல்லிவைத்தேன். மூன்று வாரத்தில் திருப்பூரில் ஒரு விலாசம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குமுன் கிளம்பி, பகல் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றின் வாசலில், பனியன்களை மலையாகக் குவித்துப் போட்டு, சின்னக் கத்திரியால் பிசிறு வெட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சந்து முனையில் திரும்பும்போதே அவள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள், வகுப்புக்குள் டீச்சர் வந்தால் எழுந்து நிற்பதுபோல. முகத்தைப் பார்க்கும் முன்னமே நடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று பிறகு சொன்னாள்.

எங்களை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, தன் மகளைக் கூப்பிட்டு இதுதான் எங்க டீச்சர் என்று காட்டினாள். அந்தப் பிள்ளை நம்பாமல் பார்த்தது. டீச்சர் கையைப் பற்றிச் சொன்னார், முப்பத்தேழு வந்ததையும் முப்பத்தாறு போனதையும். சந்தனக்கனி ஆச்சரியப்படவில்லை. வளையல் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். ஆறு, பச்சை என்றார் டீச்சர். பஸ்ஸில் ஏறும்போது இரண்டு உடைந்துவிட்டது, அங்கே முழுதாக இருக்கிறதா, நல்லது என்றாள்.

அப்புறம் டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நாள் பூரா கையத் தூக்கிட்டே இருந்தியே, என்னத்தட்டி கேக்கணும்னு நெனச்ச? இப்பக் கேளு. தெரிஞ்சாச் சொல்லுதேன்."

"கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றாள் சந்தனக்கனி. "நாளைக்கு நான் வரமாட்டேன்னு சொல்லணும்னு இருந்தேன். அவ்வளவுதான்."

மறுநாள் வெள்ளெனவே மெட்ராஸில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புகிறோம் என்று அத்தை முந்தின ராத்திரிதான் சொன்னாளாம், அழாமல் போக வேண்டும் என்பதற்காக மருதாணி அரைத்து வைத்துவிட்டாளாம். போகும்முன் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. சொன்னால் டீச்சர் ஏதாவது செய்வார் என்று நினைத்தாயா என்று நான்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவள் சாதாரணமாக, ஆமா அண்ணே, அப்படித்தான் நெனச்சேன் என்றாள். டீச்சர் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அந்த மனுஷி அழுது அன்றுதான் பார்த்தேன், பார்க்க எனக்கும் தைரியம் இல்லை, எழுந்து வெளியே போய் நின்றேன்.

ஒரே ஒரு நாள் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டுப் போ, கை இறங்கிவிடும், காரிலேயே கொண்டுவந்து விடுகிறோம் என்று டீச்சர் கெஞ்சியது வெளியே கேட்டது.

"வேண்டாம் டீச்சர். அது அங்கனயே நிக்கட்டும். நானும் பள்ளிக்கூடத்துல படிச்சேன்னு சொன்னா எம் மவளே நம்ப மாட்டேங்கா. எனக்குன்னு அங்க இருக்கது அது ஒண்ணுதான்."

திரும்பும் வழியில் எட்டயபுரம் தாண்டினோம். உடனே டீச்சர், நேரே பள்ளிக்கூடத்துக்கு விடு என்றார். சந்தனக்கனி அதைச் சொல்லிவிட்டாளே, எங்கேயிருந்து சொன்னாலும் சொன்னதுதானே, கை ஒருவேளை இறங்கியிருக்குமோ என்று அவருக்குப் பயம். இத்தனை நாளும் அது இறங்க வேண்டும் என்று உருகியவர், விளக்கு வைக்கிற நேரத்தில் பூட்டைத் திறந்து, ஜன்னலோரத்தில் அது நின்றதைப் பார்த்ததும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கு, இருக்கு என்றார். அவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டே இருந்ததில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஒத்தையா நிக்குதே வைகுண்டம், இந்த லீவு நாளெல்லாம் ஒத்தையாத்தானே நின்னிருக்கும் என்றார்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அன்றிலிருந்து கடைசி மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, பெஞ்சு பெஞ்சாகப் போய், ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, நாளைக்கு வருவியா என்று கேட்டார். நாற்பத்தோரு பிள்ளையும் பதில் சொல்ல வேண்டும். பாடம் பின்தங்கியது, முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கணக்கில் இரண்டு பாடம் நடத்தாமல் நின்றது, தர்மக்கண் சார் தலையைச் சொறிந்தார். டீக்கடையில் நாங்கள் ஒருவரையொருவர் நாளைக்கு வருவியா என்று கேட்டுக் கேலி செய்துகொண்டோம். மாசி மாதம் ஒரு சின்னப் பிள்ளை வரமாட்டேன் என்று சொன்னதும், டீச்சர் சாயங்காலமே அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசி, இருட்டின பிறகுதான் எழுந்தார் என்பதும், அந்தப் பிள்ளை மறுநாள் வந்தது என்பதும் தெரிந்தபின் கேலி நின்றுபோனது.

ஏப்ரல் கடைசியில் பிரிவுபசார விழா. சால்வை போட்டார்கள், மிக்சரும் லட்டும் கொடுத்தார்கள், வட்டச் செயலாளர் மைக்கை விடாமல் பேசினார். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் டீச்சரைக் காணவில்லை. நான் வகுப்பறை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். போட்ட சால்வையோடு மூன்றாவது பெஞ்சில், அந்தச் சின்னக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரம் கட்டிய தன் வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலை நீட்டி வைத்திருந்தார். எதிரே கரும்பலகைதான் இருந்தது. சொல்லுங்க டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இடது கை விரலை உதட்டில் வைத்துக் காட்டினார், சின்ன வயதில் எங்களுக்குக் காட்டுவாரே, அதே மாதிரி. நான் வாயை மூடிக்கொண்டேன். மணி அடித்தது. அவர் கையைக் கீழே போட்டார், கைப்பையை எடுத்துக்கொண்டார், என்னைத் தாண்டி நடந்து போனார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. புதிதாக வந்த சார் சின்ன வயசுக்காரர், வெளி மாவட்டம், எங்கள் ஊர் விஷயம் எதுவும் தெரியாதவர். வருகைப் பதிவு எடுத்து முடித்துப் பாடத்தைத் தொடங்கப் போனவர், மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரமாக ஒரு மருதாணிக் கையும், அதை ஒட்டினாற்போல் கைக்கடிகாரம் கட்டித் தேய்ந்த ஒரு வயதான கையும் தூக்கியிருப்பதைப் பார்த்து, அங்கே யாருக்கு என்ன சந்தேகம் என்று கேட்டாராம்.

"சந்தேகம் இல்ல சார்," என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்களாம். "அவங்க ரெண்டு பேரும் நாளைக்கு வரமாட்டாங்களாம்."